சுருட்டிப் போட்ட துணி

— அரை மணி நேரம்தான் இருக்கு, ரோண்டா. ஒன்றரைக்கு அந்த வீட்டுக்காரம்மா வந்து நிக்கும், சமையலறைச் சுவருக்கு ரெண்டாவது கோட் ஏன் அடிக்கலன்னு கேக்கும். வந்த விஷயத்த நேரா சொல்லிடு.

— டுலூத்துலேருந்து நாலு மணி நேரம் ஓட்டிட்டு வந்திருக்கேன் கர்ட். வழி பூரா காத்து, வண்டியப் பிடிச்சுத் தள்ளுது. ஒரு வாய் காப்பி குடிச்சுக்கறேன், இரு.

— ஃபிளாஸ்க்ல இருக்கு. மூடிதான் கோப்பை. பெயிண்ட் வாசனை அடிக்கும், கண்டுக்காத.

— தினமும் வேனுக்குள்ளயேதான் சாப்பாடா?

— உள்ள வச்சுச் சாப்பிட்டா புதுத் தரையில சிந்திடுவேன்னு அந்தம்மாவுக்குப் பயம். எனக்கும் இதுதான் சௌகரியம். ஹீட்டர் இருக்கு, ரேடியோ இருக்கு. யாரும் வந்து எதுவும் கேக்கறதில்ல. நேத்து வரைக்கும்.

— குத்திக்கிட்டே இருக்காத.

— குத்தல. நீ இங்க வந்தது என் அண்ணனுக்குத் தெரியுமா?

— தெரியாது. லைல் காட்டுக்குப் போயிருக்கான். மான் வேட்டை இன்னைக்குத்தான தொடக்கம், மறந்துட்டியா?

— எப்படி மறப்பேன். பன்னெண்டு வயசுலேருந்து அந்தக் கேபின்ல மேல் கட்டில் என்னோடது. போன வருஷம் கூப்பிடல, இந்த வருஷமும் கூப்பிடல. இப்ப அதுல யாரு படுக்கறா?

— யாரும் படுக்கறதில்ல. பையெல்லாம் தூக்கி அதுமேல போட்டு வச்சிருக்காங்களாம்.

— சரி, பையாவது நல்லாத் தூங்கட்டும். சாண்ட்விச் பாதி வேணுமா? முட்டைதான்.

— வேண்டாம். என் வண்டில ஒரு நாற்காலி இருக்கு கர்ட். உனக்குன்னு செஞ்சது.

— நீ செஞ்சதா? உக்காந்தா நிக்குமா?

— நிக்கும். ஆறு செஞ்சிருக்கேன், ஆறும் நிக்குது. மேப்பிள் மரம். சாப்பாட்டு மேசையும் நான்தான் செஞ்சேன், அதுவும் ஆடல.

— உன் மொத ஸ்டூல நான் பாத்திருக்கேனே, மேஸ்திரி. ஒரு கால் நீளம்னு அதை அறுத்த. அப்புறம் இன்னொண்ணு நீளம்னு அதை அறுத்த. அறுத்து அறுத்து, கடைசில பூனை மட்டும் ஏறி உக்கார்ற உயரத்துக்கு வந்துடுச்சு.

— எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? வீடியோவைப் பாத்து, இணையத்துல கெடச்ச வரைபடத்த வச்சுக்கிட்டு நானா தட்டுத் தடுமாறிக் கத்துக்கிட்டது. ரெண்டு அங்குலத்துக்கு நாலுன்னு எழுதி விக்கிற கட்டை ஒன்றரைக்கு மூன்றரைதான் இருக்கும்னு யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னாங்களா? அந்த அலமாரி பூரா ரெண்டுக்கு நாலுன்னே கணக்குப் போட்டு அறுத்து வச்சேன். மாட்டினா எல்லா மூட்டுலயும் விரல் நுழையற சந்து.

— கடைக்காரன் ஏமாத்திட்டான்னு அளவு நாடாவத் தூக்கிட்டுச் சண்டைக்குப் போன. துணைக்கு நானும் வந்தேன். அவன் பாவம், சிரிக்காம இருக்க என்ன பாடு பட்டான். அப்புறம் நீயே சிரிச்சுட்ட.

— ஆமா.

— அஞ்சு மாசத்துல அன்னைக்குத்தான் நீ சிரிச்சு நான் பாத்தேன். அப்ப உங்ககூடதான இருந்தேன், வீட்டுக்கு வந்து லைல்கிட்ட சொன்னேன். அவன் மூஞ்சி எப்படி ஆச்சு தெரியுமா? அப்படியே சிங்க் பக்கம் திரும்பி நின்னுட்டான், பாத்திரம் கழுவற மாதிரி. சிங்க்ல பாத்திரமே இல்ல.

— என்கிட்ட அவன் இதைச் சொன்னதே இல்ல.

— சொல்ற ஆளா அவன்?

— கர்ட், கேளு. இதைச் சுத்தி வளைச்சுச் சொன்னா என்னால முடியாமப் போயிடும். மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு வகுப்புக்குப் போனேன். காலேஜ் பட்டறையில சனிக்கிழமை சனிக்கிழமை நடக்குது, மரச்சாமான் வகுப்பு. ஒழுங்கா கத்துக்கலாம்னு சேந்தேன். ஜூடின்னு ஒரு பொண்ணு நடத்துது, என்னைவிடச் சின்னவ, கைல ரெண்டு விரல் பாதிதான் இருக்கு, ஆனா என்ன வேகம். அன்னைக்கு எண்ணெய் பூசறது எப்படின்னு பாடம்.

— ம்.

— ஆளிவிதை எண்ணெய். மரத்துல பூசி, ஊற விட்டு, மிச்சத்தத் துடைச்சு எடுக்கணும். எல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதான். பூசி முடிச்சோம். நான் என் துணியச் சுருட்டிக் குப்பைக் கூடையில போட்டேன். அவ ஓடி வந்து கூடைலேருந்து எடுத்தா. திட்டல. எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வச்சு, அந்தத் துணியப் பிரிச்சு, வெளியில கம்பி வேலியில துணி காயப் போடற மாதிரி விரிச்சுப் போட்டா. சுருட்டிப் போட்டா இது தானா சூடாகும், உள்ள இருக்கற சூடு வெளிய போக வழியில்லாமத் தானாவே பத்திக்கும், நெருப்பே வேண்டாம், மூணு நாலு மணி நேரம் போதும்னா.

— ரோண்டா.

— எல்லாரும் சிரிச்சாங்க. துணி தானா பத்திக்குமாம், பேய்க் கதை மாதிரி இருக்குன்னு ஒருத்தர் சொன்னாரு. நான் ரம்பம் வைக்கிற மேசையப் பிடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்துட்டேன். சர்க்கரை கொறைஞ்சிடுச்சுன்னு நெனச்சு எனக்கு ஆரஞ்சு ஜூஸ் குடுத்தாங்க.

— குடிச்சியா?

— குடிச்சேன். கிண்டல் பண்ணாத கர்ட். அன்னைக்கு நான் என்ன பண்ணினேன்னு உனக்குத் தெரியாது. அந்த மே மாசம், சனிக்கிழமை, வாசல்ல போடறதுக்கு பெஞ்சு செஞ்சேன்ல. மத்தியானம்தான் அதுக்கு எண்ணெய் பூசி முடிச்சேன். லைலோட பழைய பனியன் எட்டு. எட்டையும் பந்து மாதிரி சுருட்டி ஒரு அட்டைப் பெட்டியில அமுக்கி, வேலை மேசைக்கு அடியில தள்ளினேன். கொசு வரும்னு கராஜ் ஜன்னலச் சாத்தினேன். குளிச்சேன். சர்ச்சுல மீன் விருந்துக்குப் போனோம். திரும்பி வர்றப்ப தெரு முனையிலேயே புகை.

— ம்.

— அது உன் சிகரெட் இல்ல. நான்தான் கர்ட். நான்தான் கொளுத்தினேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். மன்னிச்சுடுன்னு கேக்கவே எனக்கு வாய் கூசுது, ஆனா கேக்கறேன்.

— காப்பி ஆறுது.

— காப்பி கெடக்கட்டும். ஏதாவது சொல்லு. கத்து. வண்டிய விட்டு எறங்குன்னு சொல்லு.

— எதுக்குக் கத்தணும்? முடிஞ்சு போச்சு. ஒன்றரை வருஷம் ஆச்சு. எண்ணெய் டப்பாவுக்குப் பின்னாடி சின்ன எழுத்துல போட்டிருப்பான், யாரு படிக்கிறா? நீ படிக்கல, அவ்வளவுதான்.

— டப்பாவுல போட்டிருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?

— எல்லா டப்பாவுலயும்தான் போட்டிருக்கு.

— கர்ட், நீ ஆச்சரியமே படல.

— எனக்கு நடிக்க வராது, தெரியும்ல.

— நீ ஆச்சரியப்படல. நாலு மணி நேரம் ஓட்டிக்கிட்டு வர்றப்ப நூறு மாதிரி யோசிச்சேன். நீ அழுவ, என்னைத் திட்டுவ, எறங்கிக் கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போவன்னு. நீ முட்டை சாண்ட்விச் தின்னுக்கிட்டு இருக்க. உனக்கு முன்னாடியே தெரியும்.

— பதினேழு வருஷமா பெயிண்ட் அடிக்கறவன் நான், ரோண்டா. வேலைக்குச் சேந்த மொத நாள் பிரஷ்ஷைக் கையில குடுக்கறதுக்கு முன்னாடி இதைத்தான் சொல்லித் தருவாங்க. எண்ணெய்த் துணியச் சுருட்டாத. தண்ணி வாளியில முக்கு, இல்லன்னா விரிச்சுக் காயப் போடு. இந்த வேன்ல பின்னாடி பாரு, மூடி போட்ட தகர வாளி, அது அதுக்குத்தான்.

— எப்ப தெரியும்?

— மறுநாள் காலைல. தீயணைப்பு வண்டியெல்லாம் போனதுக்கப்புறம் உள்ள போய்ப் பாத்தேன். சுவர் கருகினதப் பாத்தா நெருப்பு எங்கேருந்து ஏறுச்சுன்னு தெரியும். உன் வேலை மேசைக்கு அடியிலேருந்து நேரா மேல போயிருந்துச்சு, பரணுக்கு. நான் சிகரெட் பிடிக்கிற எடம் பின் சுவருக்கு அந்தப் பக்கம். அங்க சுவர் கரிகூடப் பிடிக்கல.

— அப்ப ராத்திரி நீ சொன்னது உண்மை. நான் பிடிக்கலன்னு சொன்ன, சத்தியம் பண்ணின. மறுநாள் மத்தியானம் வந்து, பிடிச்சேன், அணைச்சேனா இல்லையான்னு ஞாபகம் இல்லன்னு சொன்ன. தீயணைப்பு ஆளுகிட்டயும் அதையே சொன்ன. நீ மறுபடி குடிக்க ஆரம்பிச்சுட்ட, அதான் ஞாபகம் இல்லன்னு நாங்க எல்லாரும் நெனச்சோம்.

— நெனைக்கட்டும்னுதான் சொன்னேன்.

— நாலு வருஷமா ஒரு சொட்டு தொடாம இருந்தவன்.

— இப்ப அஞ்சரை. நிறுத்தல.

— ஏன் கர்ட்? ஏன் சொன்ன?

— நீதான் எழுந்திருக்க ஆரம்பிச்சிருந்தியே.

— என்ன?

— அதான். குழந்தை போனதுக்கப்புறம் நீ கட்டில விட்டு எறங்கல. அஞ்சு மாசம். லைல் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி உன் பக்கத்துல ஒரு தட்டு வச்சுட்டுப் போவான், நான் மத்தியானம் வந்து பாத்தா அப்படியே இருக்கும், ரொட்டி மட்டும் காஞ்சிருக்கும். அப்புறம் ஒரு நாள் எழுந்து வந்து, ஒரு அலமாரி செய்யப் போறேன்னு சொன்ன. ரம்பம் எங்கன்னு கேட்ட. காலைல ஏழு மணிக்கு கராஜ்ல சத்தம் கேக்க ஆரம்பிச்சுது. வீடே மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. அந்த கராஜ் எரிஞ்சது உன் கையாலன்னு தெரிஞ்சா...

— கராஜ் மட்டுமா எரிஞ்சுது.

— இல்ல. கராஜ் மட்டும் இல்ல.

— பரண்ல அந்தப் பெட்டி இருந்துச்சு. இங்கிரிட்டோட பெட்டி. ஆஸ்பத்திரில போத்தின சால்வை, தொப்பி, கால் தடம் பதிச்ச அட்டை. அவ இருந்தான்னு சொல்ல என்கிட்ட இருந்தது அவ்வளவுதான். கட்டிலுக்குப் பக்கத்துல வச்சா என்னால எழுந்திருக்க முடியலன்னு நான்தான் பரண்ல வைக்கச் சொன்னேன். நான்தான் மேல வச்சேன், நான்தான் கீழ கொளுத்தினேன்.

— ரோண்டா, போதும்.

— உன்கிட்ட என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?

— இல்ல.

— இருக்கு.

— சரி, இருக்கு. என் பொண்ண ரெண்டாந் தடவ சாகடிச்சுட்டன்னு சொன்ன. அப்புறம், உன் மூஞ்சில முழிக்க மாட்டேன், இன்னைக்கே போன்னு சொன்ன. வாசல்ல நின்னுக்கிட்டு. எதிர் வீட்டுக்காரங்க எல்லாம் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நீ செருப்பு போடாம நின்ன.

— நீ வாயத் தொறக்கல.

— தொறந்து என்ன சொல்லச் சொல்ற? அன்னைக்குத் தொறந்திருந்தா நீ மறுபடி போய்ப் படுத்திருப்ப. இந்தத் தடவ எழுந்திருக்கவே மாட்ட. எல்லாருக்கும் அந்தப் பயம்தான்.

— எல்லாருக்குமா? யாரு எல்லாரும்?

— எனக்கு. எனக்குத்தான்.

— என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல, பாத்தியா? இவ தாங்குவாளா மாட்டாளான்னு நீயே முடிவு பண்ணிட்ட. கேளு, எனக்கு இது தெரிஞ்சு மூணு வாரம் ஆச்சு. மூணு வாரமும் நான் எழுந்திருச்சேன். மொத நாள் தரையில உக்காந்து அழுதேன், ரெண்டாம் நாள் குளியலறையில அழுதேன், மூணாம் நாள் உன் நாற்காலிக்குக் கால் இழைச்சேன். அழுதுக்கிட்டேதான் இழைச்சேன், ஆனா இழைச்சேன். தாங்கிட்டேன் கர்ட். அன்னைக்கே சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

— அன்னைக்குத் தாங்கியிருக்க மாட்ட.

— அது உனக்கு எப்படித் தெரியும்?

— தெரியாது. யாருக்கும் தெரியாது. நல்லா இருக்கியே, அது போதும். என்ன எண்ணெய் இப்ப பூசற? அதைச் சொல்லு.

— எண்ணெயே பூசறதில்ல. கராஜ் மறுபடி கட்டினதுக்கப்புறம் தண்ணி கலந்த வார்னிஷ்தான். எண்ணெய் வாசனை ஒத்துக்கல, தலைவலின்னு லைல் சொன்னான். அவனே போய் நாலு டப்பா வாங்கிட்டு வந்து அடுக்கி வச்சான்.

— அவனே வாங்கிட்டு வந்தானா?

— ஆமா. ஏன்?

— ஒண்ணும் இல்ல. நல்ல வார்னிஷ்தான்.

— பேச்ச மாத்தாத. உங்க அம்மா போனப்ப நீ சர்ச்சுக்கு வந்த. கடைசி பெஞ்சுல, கதவுக்குப் பக்கத்துல உக்காந்திருந்த. நான் திரும்பிக்கூடப் பாக்கல. சாப்பாட்டுக்கு எல்லாரும் கீழ எறங்கினப்ப நீ வெளிய போயிட்ட. பிப்ரவரி மாசம், மைனஸ் இருபது, பார்க்கிங்ல தனியா நின்ன. ஜன்னல் வழியா பாத்தேன். பாத்துட்டு, நல்லா நிக்கட்டும்னு நெனச்சேன். அதையும் சொல்லிடறேன், எல்லாத்தையும் சொல்லிடணும்னுதான் வந்தேன்.

— லைல் வந்தான் பார்க்கிங்குக்கு.

— தெரியும். என்ன பேசினான்?

— பேசல. என் கோட்டுப் பொத்தானப் போட்டு விட்டான். சின்னப் பிள்ளைக்குப் போட்ற மாதிரி. போட்டுட்டு உள்ள போயிட்டான்.

— உங்க அம்மா கடைசி வரைக்கும், கர்ட் மறுபடி குடிக்கறான், வீட்டக் கொளுத்திட்டான்னு நர்ஸுங்ககிட்டக்கூடச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

— கேள்விப்பட்டேன். அம்மாகிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம். சாகப் போற மனுஷி, யார்கிட்ட போய்ச் சொல்லப் போறா?

— நீ போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே.

— நானா? ஆமா. நான் சொன்னா அம்மா நம்பியிருப்பாளா? குடிகாரன் சொல்றது. அந்தப் பனி தள்ற மெஷின லைல் கராஜ்லேருந்து தூக்கிட்டுப் போய் வித்தவன்தான நான். வித்துட்டுத் திருட்டுப் போச்சுன்னு போலீசுக்கும் நானே போன் பண்ணினவன். வேற யாராவது சொல்லியிருந்தா நம்பியிருப்பா.

— வேற யாருக்குத் தெரியும்?

— அதான. யாருக்குத் தெரியும். மணி ஒண்ணு பத்து. அந்தம்மா சீக்கிரமே வந்தாலும் வரும்.

— வரட்டும். நான் சொல்ல வந்ததுல இன்னும் பாதி இருக்கு. தேங்ஸ்கிவிங் விருந்துக்கு நீ வர்ற.

— வரல.

— வர்ற. ஆறு நாற்காலி செஞ்சிருக்கேன்னு சொன்னேன்ல. லைல், நான், என் அக்கா, அவ புருஷன், பக்கத்து வீட்டு ஆர்லீன். ஆறாவது உன்னோடது. உன் நீளக் காலுக்கு ரெண்டு அங்குலம் உயரம் வச்சு அறுத்தேன். மத்த அஞ்சு பக்கத்துல அது ஒட்டகம் மாதிரி நிக்குது. வேற யாரும் அதுல உக்கார முடியாது.

— அதுல நீ உக்காந்து பாத்தியா?

— பாத்தேன். கால் தரையில படல.

— மேஸ்திரி ஆயிட்ட நெஜமாவே.

— வருவியா?

— ரோண்டா, நீ வந்து சொன்னதே பெருசு. நாற்காலிய எடுத்துக்கறேன். என் அறையில போட்டுக்கறேன், ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் இருக்கு, அதுவும் வீட்டுக்காரனோடது. சந்தோஷமா உக்காருவேன். அதோட விட்டுடு.

— விட மாட்டேன். நாளைக்கு ராத்திரி லைல் காட்டுலேருந்து வர்றான். வந்து குளிச்சு சாப்பிட்டதும் எல்லாத்தையும் சொல்லப் போறேன். துணி, பெட்டி, நீ, எல்லாம். மூணு வாரமா அவன் பக்கத்துல படுத்துக்கிட்டுச் சொல்ல முடியாமத் தவிச்சுட்டேன். எனக்கு பயமா இருக்கு கர்ட். அந்தப் பெட்டி அவனுக்கும்தான. அந்தக் கால் தடத்த அவன் விரலால தடவிப் பாப்பான், நான் தூங்கறேன்னு நெனச்சு. அதை எரிச்சது நான்தான்னு தெரிஞ்சா என்னை எப்படிப் பாப்பான்? பாக்கவே மாட்டானோ என்னவோ. போகட்டும். சொல்லித்தான் ஆகணும்.

— சொல்லாத.

— உனக்கு என்ன பைத்தியமா? உன் பேரு போச்சு, உன் அம்மா போனாங்க, உன் அண்ணன் போனான். இதுல நான் நல்ல பேரோட அவன்கூட உக்காந்து வான்கோழி தின்னணுமா?

— இப்ப எல்லாம் ஒரு மாதிரி நின்னுருக்கு. எனக்கு வேலை இருக்கு. ஞாயித்துக்கிழமை குடிய விட்டவங்க கூட்டம் இருக்கு, நாலு பேரு பேச இருக்காங்க. நீ நாற்காலி செய்யற. லைல் மான் சுடறான். இதைப் போய்க் கலைக்காத.

— லைல் மான் சுடறதில்ல. போன வருஷம் வெறுங்கையோடதான் வந்தான். துப்பாக்கியத் தூக்கவே இல்லன்னு கூடப் போனவன் சொன்னான். கேபின்ல உக்காந்து சுவரப் பாத்துக்கிட்டு இருந்தானாம். அவனும் நல்லா இல்ல, கர்ட். ஒரே தம்பி, அவனையும் விரட்டிட்டோமேன்னு உள்ளுக்குள்ள அரிக்குது. உன் பேரு எடுத்தாலே எழுந்து போயிடறான். உன் மேல இன்னும் கோவம்னு நெனச்சேன். இப்ப யோசிச்சா கோவம் இல்ல அது, தாங்க முடியாமத்தான் போறான்.

— ஆமா. தாங்க முடியாமத்தான்.

— அப்ப அவனுக்கு உண்மை தெரியட்டும். என் தம்பி இவளுக்காக இப்படி ஒரு பழியத் தூக்கிச் சுமந்தான்னு தெரியட்டும். தெரிஞ்சா அந்த நிமிஷமே வண்டிய எடுத்துக்கிட்டு இங்க ஓடி வருவான். உன்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுவான்.

— வர மாட்டான்.

— வருவான். அவன எனக்குத் தெரியும்.

— ரோண்டா, தயவு செஞ்சு வீட்டுக்குப் போ. நாற்காலிய நானே வந்து எறக்கிக்கறேன்.

— ஏன் இப்பவே கதவத் தொறக்கற?

— நாற்காலிய எறக்கத்தான். நேரமாச்சு.

— நாற்காலி கெடக்கட்டும். என்னைப் பாரு கர்ட். லைல்கிட்ட சொல்லாதன்னு ஏன் இவ்வளவு கெஞ்சற? எனக்காகன்னா வேண்டாம். எனக்காக ஒருத்தரும் இனிமே எதையும் மறைக்க வேண்டாம். எல்லாத்தையும் மறைச்சுதான் இங்க கொண்டு வந்து விட்டிருக்கு. காரணம் சொல்லு, இல்லன்னா இங்கேருந்து நேரா கேபினுக்கே ஓட்டறேன். நாளைக்கு வரைக்கும் காத்திருக்க மாட்டேன்.

— அவனுக்குப் புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல.

— அப்படின்னா?

— மறுநாள் காலைல உள்ள போய்ப் பாத்தேன்னு சொன்னேன்ல. தனியாப் போகல. லைலும் நானும்தான் போனோம். அவனுக்கு அந்தக் கரிய நான்தான் காட்டினேன். துணின்னு சொன்னேன்.

— பொய் சொல்லாத.

— கரிச் சாம்பல்ல குந்தி உக்காந்துட்டான். பெட்டி எரிஞ்சதுக்கு அவ தானே காரணம்னு தெரிஞ்சா இந்தத் தடவ கட்டில்ல படுக்கறதோட நிக்காது, மாத்திரை டப்பாவ நான் ஒளிச்சு வச்சிருக்கறது உனக்குத் தெரியுமாடா கர்ட்னு கேட்டான். எனக்குத் தெரியாது. சிகரெட்டுன்னு சொல்லிடுடான்னு அவன்தான் சொன்னான். என்னை ஜெயில்லேருந்து மூணு தடவ வெளிய கொண்டாந்தவன். முடியாதுன்னு சொல்ல எனக்கு எங்க இருக்கு வாய்?

— லைலா?

— நீ வாசல்ல நின்னு கத்தினப்ப என் பக்கத்துலதான் நின்னான். அப்புறம் பஸ் நிலையத்துக்கு அவன்தான் கொண்டு போய் விட்டான். பையத் தூக்கிக் குடுத்துட்டு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டான். ரெண்டே வாரம்டா கர்ட், அவ கொஞ்சம் தேறட்டும், நானே பக்குவமா எடுத்துச் சொல்லிட்டு, நானே வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்னான்.